மகனை ஐரோப்பாவுக்கு அனுப்பலாமா? பாயான் லெப்பாஸ் காற்பந்து ரசிகர்களின் கேள்விகள்

ஐரோப்பியக் கிளப் காற்பந்தைப் பற்றி மணிக்கணக்கில் பேச உங்களுக்கு என்ன தகுதி என்று சிலர் என்னைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நான் முன்னாள் ஆட்டக்காரர் அல்ல. பயிற்றுநர் சான்றிதழும் கையில் இல்லை. வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, ஒலிவாங்கியைப் பிடித்துப் பிழைக்கிறவன். ஆனால் கேள்வி கேட்பதும், அதற்கான பதிலைத் தேடிப் போவதும் என் தொழில். அண்மையில் பாயான் லெப்பாசில் காற்பந்து ரசிகர்களுடன் தொலைக்காட்சிக்காக ஒரு கலந்துரையாடல் நடத்தினோம். அங்கே நேரம் போதாமல் சுருக்கமாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் விரிவாகத் தருகிறேன். கடைசியில் வரும் ஓர் அம்மாவின் கேள்வியைப் பெற்றோர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

பாயான் லெப்பாஸ் ரசிகர்களுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. 1972ஆம் ஆண்டில் இங்கே தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கி, இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்த நாளிலிருந்து இந்தப் பகுதி இரவில் தூங்குவதில்லை. ஷிப்டு வேலைதான் பல வீடுகளில் சோறு போடுகிறது. அதனால் விடியற்காலை மூன்று மணிக்கு மாமாக் கடையில் தே தாரிக்கோடு பார்சிலோனா ஆட்டம் பார்ப்பது இவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. "அண்ணே, நைட் ஷிப்டு ஆட்களுக்காகத்தான் சாம்பியன்ஸ் லீக்கை மூன்று மணிக்கு வைக்கிறார்களா?" என்று ஒரு தம்பி கேட்டதும் அரங்கமே சிரித்துவிட்டது.

விஷயம் எளிமையானது. அங்கே இரவு ஒன்பது மணி ஆட்டம். அவர்கள் கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் நமக்கு அது விடியற்காலை மூன்று. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு, மார்ச் கடைசி வரை அதே ஆட்டம் நமக்கு நான்கு மணிக்கு வரும். இறுதியாட்டம் மட்டும் மாறிவிட்டது. 2026 முதல் அதை ஐரோப்பிய நேரம் மாலை ஆறு மணிக்குத் தொடங்குவதென முடிவெடுத்தார்கள். நமக்கு அது நள்ளிரவு பன்னிரண்டு.

ஆனால் நேரத்தைப் பற்றிப் பேசும்போது, அங்கிருந்த பலருக்குத் தெரியாத ஒரு சேதியைச் சொன்னேன். சனிக்கிழமை மாலை மூன்று மணி ஆட்டம், அதாவது நமக்கு இரவு பத்து அல்லது பதினொரு மணி ஆட்டம், இங்கிலாந்தில் நேரலையாக ஒளிபரப்பாவதில்லை! சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை அந்நாட்டில் எந்தக் காற்பந்து ஆட்டத்தையும் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக்கூடாது என்ற ஏற்பாடு 1960களிலிருந்து இருக்கிறது. பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் என்பவர் இதற்காக வாதாடியவர். பெரிய கிளப்பின் ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்த்தால், கீழ் டிவிஷன் குழுக்களுக்கு எவன் டிக்கெட் வாங்குவான் என்பது அவருடைய கவலை. ஆக, லிவர்பூல் நகரத்திலேயே டிக்கெட் கிடைக்காமல் வீட்டில் இருக்கிற ரசிகர் பார்க்க முடியாத ஆட்டத்தைச் சுங்கை நிபோங்கில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே நாம் பார்க்கிறோம்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. தன் சின்னக் கிளப்புகளைத் தன் தொலைக்காட்சியிடமிருந்தே இங்கிலாந்து காப்பாற்றுகிறது. ஜார்ஜ்டவுன் சிட்டி ஸ்டேடியத்தை அதே ஒளிபரப்பிடமிருந்து காப்பாற்ற யாரும் இல்லை. தொலைக்காட்சியில் சம்பளம் வாங்குகிற நான் இதைச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். அந்த சிட்டி ஸ்டேடியத்தில்தான் 2016 பிப்ரவரி 16ஆம் தேதி பகாங் குழுவுக்கு எதிராகப் பினாங்கின் முகமட் ஃபைஸ் சுப்ரி அந்த அதிசய ஃப்ரீ கிக்கை அடித்தார். ஒரு பக்கம் போன பந்து காற்றில் வளைந்து மறுபக்கம் திரும்பி வலைக்குள் விழுந்தது. மறு ஆண்டு ஜனவரியில் சூரிக் நகரில் அதற்கு ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது கிடைத்தது. அந்த விருதை வென்ற முதல் ஆசியர் அவர். உலகமே காணொளியில் பார்த்த கோல் அது. அன்றிரவு அரங்கில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்டேன். மூன்று கைகள் உயர்ந்தன.

சாம்பியன்ஸ் லீக்கின் புதிய முறை புரியவில்லை என்று ஒரு மாணவர் சொன்னார். 2024-25 பருவத்திலிருந்து பழைய நான்கு குழு கொண்ட பிரிவுகள் இல்லை. 36 கிளப்புகளும் ஒரே பட்டியலில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எட்டு ஆட்டம், எட்டு வெவ்வேறு எதிரி. முதல் எட்டு இடத்தில் வந்தவர்கள் நேரே கடைசி 16க்குப் போவார்கள். 9 முதல் 24 வரை வந்தவர்கள் தங்களுக்குள் மோதி மீதி எட்டு இடத்தைப் பிடிக்க வேண்டும். 25க்குக் கீழே வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த முதல் பருவத்தில் பாரிஸ் செயின்ட் ஜெர்மேன் 15ஆவது இடத்தில் தடுமாறி நுழைந்து, கடைசியில் மியூனிக்கில் இன்டர் மிலானை 5-0 என்று நொறுக்கிக் கிண்ணத்தைத் தூக்கியது. எதிரணித் திடலில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற பழைய விதியும் 2021-22 முதல் கிடையாது. இன்னமும் அதை வைத்துக் கணக்குப் போட்டுச் சண்டை பிடிக்கிற பெரியவர்கள் நம் கடைகளில் இருக்கிறார்கள்.

மன்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களின் கூட்டம்தான் எப்போதும் பெரிது, புலம்பலும் பெரிது. "2025 மே 28ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் ஆசியான் நட்சத்திரக் குழுவிடம் 1-0 என்று தோற்றார்களே, அவ்வளவு களைத்திருந்தவர்கள் ஏன் வந்தார்கள்?" என்று ஓர் அண்ணன் ஆதங்கப்பட்டார். பணத்துக்காக வந்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்புதான் பில்பாவோ நகரில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டோட்டன்ஹாமிடம் தோற்றிருந்தார்கள். லீக்கில் 15ஆவது இடம். அடுத்த பருவத்துக்கு எந்த ஐரோப்பியப் போட்டியும் இல்லை, அதில் வரும் வருமானமும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஆசியப் பயணம் என்பது கல்லாவை நிரப்பும் வழி.

இதன் வேர் 2005இல் இருக்கிறது. அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் யுனைடெட்டை வாங்கியபோது, வாங்குவதற்கு எடுத்த கடனில் பெரும் பகுதியைக் கிளப்பின் தலையிலேயே வைத்தது. ஒரு வீட்டை வாங்கிவிட்டு அந்தக் கடனை வாடகைக்கு இருப்பவர் கட்டட்டும் என்று சொல்வதைப் போல. கோபமடைந்த ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதே ஆண்டில் எஃப்சி யுனைடெட் ஆஃப் மன்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப்பையே தொடங்கிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் ஜிம் ரட்கிளிஃப் கால் பங்குக்கு மேல் வாங்கிக் காற்பந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். மறு ஆண்டே அந்த 15ஆவது இடம் வந்தது.

கிளப்பின் முதலாளி யார் என்பது நமக்கு அந்நியமான விஷயம் அல்ல. நம் நாட்டு வின்சென்ட் டான் 2010இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் சிட்டியைக் கையில் எடுத்தார். அந்தக் குழுவுக்கு 'நீலப் பறவைகள்' என்று செல்லப்பெயர். 2012இல் அவர் ஆசியச் சந்தைக்குச் சிவப்புதான் ராசி என்று ஜெர்சியைச் சிவப்பாக்கினார். மறு ஆண்டு குழு பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது, ஒரே பருவத்தில் கீழே இறங்கியது. ரசிகர்கள் விடவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. டோனி ஃபெர்னான்டஸ் 2011இல் வாங்கிய கியூபிஆர் கிளப்பும் இரண்டு தடவை கீழே இறங்கியது. செலவு வரம்பை மீறியதற்காக 2018இல் அந்தக் கிளப் 4 கோடியே 20 லட்சம் பவுண்டு மதிப்பிலான சமரசத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மலேசியப் பணம் போனால் மலேசிய ஆட்டக்காரரும் போவார் என்று அப்போது நம்மில் பலர் நம்பினோம். லண்டனுக்கும் கார்டிஃபுக்கும் போனது பணம் மட்டும்தான்.

"பெரிய கிளப்புகளே ஏன் ஜெயிக்கின்றன, காசு இருப்பதாலா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்றே சொல்வேன். லீக்குக்கு லீக் கொஞ்சம் வேறுபடும், அவ்வளவுதான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 1992இல் பிறந்ததே தொலைக்காட்சிப் பணத்தைப் பிரிப்பதற்காகத்தான். உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதி எல்லாக் கிளப்புகளுக்கும் சமம். கால் பங்கு பட்டியலில் பிடித்த இடத்துக்கு ஏற்பவும், மீதிக் கால் பங்கு எத்தனை ஆட்டம் நேரலையாகக் காட்டப்பட்டது என்பதற்கு ஏற்பவும் போகும். வெளிநாட்டுப் பணத்தின் பெரும் பகுதியும் சமமாகவே பிரிகிறது. நாம் மாதாமாதம் கட்டும் விளையாட்டுச் சேனல் கட்டணத்தின் ஒரு துளி அதில் இருக்கிறது. அதனால் அங்கே கடைசி இடத்தில் நிற்கிற குழு கூட மற்ற நாடுகளின் நல்ல ஆட்டக்காரரை விலைக்கு வாங்குகிறது.

ஆனால் கீழேயிருந்து மேலே வருகிற குழுவுக்கு நிலைமை வேறு. 2023-24 பருவத்தில் மேலே வந்த லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட் மூன்றும் அந்தப் பருவமே இறங்கின. 2024-25இல் மேலே வந்த லெஸ்டர், இப்ஸ்விச், சவுதாம்ப்டன் மூன்றும் அதே கதி. பந்தயக்காரர்கள் 5000க்கு ஒன்று என்று எழுதி வைத்திருந்த லெஸ்டர்தான் 2016இல் சாம்பியன் ஆனது என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. நூறு மில்லியன் கொடுத்து ஓர் ஆட்டக்காரரை வாங்கினால் அந்த ஆண்டுக் கணக்கில் நூறும் விழாது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு இருபது என்று பிரித்து எழுதுவார்கள். நாம் மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டுவது மாதிரி. தவணை கூடிப்போனால் அங்கேயும் தலைவலிதான். நஷ்ட வரம்பைத் தாண்டியதற்காக 2023-24இல் எவர்டனுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் புள்ளிகள் வெட்டப்பட்டன.

பந்தயம் கட்டுவதைப் பற்றிய கேள்வி மெதுவாகத்தான் வந்தது. கேமரா வேறு பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்டார் ஒருவர். "பெரிய லீக்கில் எல்லாம் நேர்மைதானே, அதில் கட்டினால் ஏமாற மாட்டோம்தானே?" 1953ஆம் ஆண்டு பந்தயச் சட்டப்படி இங்கே இது குற்றம் என்பது ஒரு புறம் இருக்கட்டும். அந்தப் பெரிய லீக்கின் விளக்கையே அணைத்தவர்கள் நம் ஊர்ப் பக்கத்துப் பந்தயக் கும்பல் என்பதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

1997 நவம்பரில் வெஸ்ட் ஹாம் குழு கிறிஸ்டல் பேலசுடன் 2-2 என்று சமநிலைக்கு வந்த சற்று நேரத்தில் திடல் விளக்குகள் அணைந்தன. டிசம்பரில் விம்பிள்டனும் ஆர்சனலும் மோதிய ஆட்டத்தில் பிற்பாதி தொடங்கியதும் அதே இருட்டு. முதலில் மின்கோளாறு என்றார்கள். 1999இல் சார்ல்டன் அரங்கின் காவலர் ஒருவருக்கு லஞ்சம் கொடுத்து மூன்றாவது முறை முயன்றபோது போலீசில் சிக்கினார்கள். இரண்டு மலேசியர்கள் உட்பட நால்வர் சிறைக்குப் போனார்கள். காரணம் என்ன தெரியுமா? ஆசியப் பந்தயக்காரர்களின் வழக்கப்படி, பிற்பாதி தொடங்கிய பிறகு ஆட்டம் நின்றுபோனால் அப்போதைய கோல் கணக்கே முடிவு. தங்களுக்குச் சாதகமான கணக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டால் போதும். ஆட்டக்காரரை வாங்க வேண்டியதில்லை, நடுவரை வாங்க வேண்டியதில்லை. பிறகு 2011இல் பின்லாந்தில் பிடிபட்டு இரண்டாண்டு தண்டனை பெற்ற ஆட்ட நிர்ணயக்காரர் வில்சன் ராஜ் பெருமாள், சிங்கப்பூர்த் தமிழர். இந்தத் துறையில் நம்மவர் பெயர் உலக அளவில் அடிபட்டது இப்படித்தான் என்பது வேதனை.

இனி அந்த அம்மாவின் கேள்வி. படப்பிடிப்பு முடிந்து பையன்கள் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் என்னிடம் வந்தார். சுங்கை ஆராவில் வீடு, தொழிற்சாலையில் வேலை. மகனுக்கு 15 வயது, பள்ளிக் குழுவின் முன்னணி ஆட்டக்காரர். "தம்பி, ஒருத்தர் வந்து பையனை ஸ்பெயினுக்குக் கூட்டிப்போய்ப் பெரிய கிளப்பில் தேர்வு ஆட்டம் ஆட வைக்கிறேன் என்கிறார். தேர்வானால் அங்கேயே தங்கிப் படிக்கலாமாம். 15,000 வெள்ளி கேட்கிறார். நகையை அடகு வைத்தால் கட்டிவிடலாம். நம்பலாமா?"

அவரிடம் நான் முதலில் கேட்டது பையனின் வயதை மறுபடியும்தான். ஏனென்றால் இதில் முக்கால் பங்கு பதில் வயதிலேயே இருக்கிறது. ஃபிஃபாவின் ஆட்டக்காரர் பதிவு, மாற்றல் விதிகளில் 19ஆவது விதி என்று ஒன்று உண்டு. 18 வயது நிறையாத ஒருவரை வேறு நாட்டுக் கிளப்பில் பதிவு செய்யக்கூடாது என்பது அது. சிறுவர்களை ஏழை நாடுகளிலிருந்து கூட்டிப்போய், தேறாவிட்டால் தெருவில் விட்டுவிடுகிற கொடுமை பெருகியதால் 2001இல் இதைக் கடுமையாக்கினார்கள். விதிவிலக்குகள் மிகக் குறைவு. பெற்றோர் காற்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்நாட்டில் குடியேறினால் பிள்ளை ஆடலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளே மாறுகிறவர்களுக்கு 16 வயது போதும். எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வீடும், அந்தப் பக்கம் 50 கிலோமீட்டருக்குள் கிளப்பும் இருந்தால் வீட்டிலிருந்தே போய்வந்து ஆடலாம். பெர்லிஸ் பையன் தாய்லாந்தில் ஆட இடமுண்டு. பாயான் லெப்பாஸ் பையன் ஸ்பெயினில் 15 வயதில் பதிவாக வழியே இல்லை. இவை தவிர, அகதியாகப் போனவர்கள், மாணவர் பரிமாற்றத்தில் போனவர்கள் போன்றோருக்கு உள்ள விலக்கு நமக்குப் பொருந்தாது.

"மெஸ்ஸி 13 வயதில் அர்ஜென்டினாவிலிருந்து பார்சிலோனா போனாரே?" என்றார் அந்த அம்மா. அந்த மனிதர் சொல்லிக் கொடுத்த உதாரணமாம் அது. மெஸ்ஸி போனது 2000இல், விதி இறுகுவதற்கு முன்னால். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. இந்த விதியை மீறியதற்காகப் பார்சிலோனாவுக்கே 2014இல் தண்டனை வந்தது. 2015 முழுவதும் புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்ய முடியவில்லை. 2016இல் ரியல் மட்ரிட்டும் அட்லெட்டிகோ மட்ரிட்டும், 2019இல் செல்சியும் இதே விஷயத்தில் தண்டிக்கப்பட்டன. ஜப்பானின் தாகெஃபுசா குபோ பத்து வயதில் பார்சிலோனாவின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த மேதைச் சிறுவர். அந்த விதியால் ஆட்டங்களில் இறங்க முடியாமல் 2015இல் ஜப்பானுக்கே திரும்பினார். 18 வயதானதும் 2019இல் ரியல் மட்ரிட் அவரை அழைத்துக்கொண்டது. பார்சிலோனாவாலேயே வைத்துக்கொள்ள முடியாத ஒரு பையனை, ஏஜெண்டு என்று சொல்லிக்கொண்டு வருகிற ஒருவர் எப்படி வைத்துக்கொள்ளச் செய்வார்?

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் கோல் மழை பொழிந்த லுக்மான் ஹக்கிம், பகாங் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியில் வளர்ந்தவர். அப்போது வின்சென்ட் டானுக்குச் சொந்தமாக இருந்த பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் கிளப் 2019இல் அவரோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. செய்தும், 2020இல் 18 வயது முடிந்த பிறகுதான் அவர் போக முடிந்தது. முதலாளியே மலேசியர், ஆட்டக்காரரோ ஆசியாவே பேசிய பையன். அப்படியும் முதல் அணியில் கிடைத்த வாய்ப்பு மிகக் குறைவு. கடனாக வெவ்வேறு நாட்டுக் கிளப்புகளுக்கு அனுப்பப்பட்டார். கூச்சிங்கில் பிறந்த டியோன் கூல்ஸ் பெல்ஜியத்தின் கிளப் புரூகே வரை போய் சாம்பியன்ஸ் லீக்கிலேயே ஆடியிருக்கிறார். ஆனால் அவர் குழந்தையிலேயே குடும்பத்தோடு பெல்ஜியம் போனவர். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் 2024இல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கிளப்பின் முதல் அணியில் களமிறங்கினார். அவர் வளர்ந்த இடமும் அங்கேதான். இங்கிருந்து இந்த வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் வந்தவர்கள் அல்ல இவர்கள்.

18 வயதுக்குப் பிறகும் கதவு அகலமாகத் திறந்துவிடாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு, 2021 முதல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் புள்ளிகள் சேர்த்தால்தான் அங்கே வேலை அனுமதி. உலகத் தரவரிசையில் முதல் 50க்குள் உள்ள நாட்டுக்காகத் தொடர்ந்து ஆடியிருந்தால் புள்ளி, தரமான லீக்கில் ஆடியிருந்தால் புள்ளி. மலேசியா பல ஆண்டுகளாக 100க்கு வெளியேதான் நிற்கிறது. அரிய திறமை உள்ள இளைஞர்களுக்குச் சிறப்பு இடங்கள் சில உண்டு. குறுக்கு வழியில் பத்திரம் தயாரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025 செப்டம்பரில் நாம் பார்த்தோம். வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய பத்திரங்கள் போலி என்று ஃபிஃபா நம் தேசியச் சங்கத்துக்கு அபராதமும், ஆட்டக்காரர்களுக்குத் தடையும் விதித்தது. அவர்கள் ஐரோப்பாவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் இங்கே வந்தவர்கள். அவர்களுக்கே அந்த நிலை.

அப்படியானால் அந்த மனிதர் சொல்வது முழுப் பொய்யா? அவசியமில்லை. பையன் ஸ்பெயினுக்குப் போகவும் செய்யலாம், பெரிய கிளப்பின் சின்னம் பொறித்த சட்டை போட்டுப் பயிற்சி எடுக்கவும் செய்யலாம். பல பெரிய கிளப்புகள் கட்டணம் வாங்கிக்கொண்டு சிறுவர்களுக்கு விடுமுறைப் பயிற்சி முகாம் நடத்துகின்றன. பணம் கட்டுகிற எந்தப் பையனும் சேரலாம். அது நல்ல அனுபவம்தான், வசதியுள்ளவர்கள் அனுப்பட்டும். ஆனால் அது தேர்வு ஆட்டம் அல்ல. முகாமைத் தேர்வு என்று சொல்லி விற்பதில்தான் மோசடி ஒளிந்திருக்கிறது. படமும் சான்றிதழும் கிடைத்துவிடுவதால், ஏமாந்தோம் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாமல் போகிறது. என் கருத்து இதுதான்: ஒரு கிளப்புக்கு உண்மையிலேயே உங்கள் பிள்ளை வேண்டுமென்றால், விமான டிக்கெட்டைப் பற்றி அது பேசும், நீங்கள் பேச வேண்டியிருக்காது.

ஏஜெண்டு விஷயத்திலும் விதி தெளிவாக இருக்கிறது. 2023 முதல் ஃபிஃபா தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்தான் ஏஜெண்டு. உரிமம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை ஃபிஃபாவே வெளியிடுகிறது. 18 வயதுக்குட்பட்ட ஆட்டக்காரரை அணுக, பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதியும், சிறாருக்கான தனிப் பயிற்சியும் அந்த ஏஜெண்டுக்கு வேண்டும். தொழில்முறை ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் சிறாரின் பெயரில் அவர் கட்டணம் வாங்கவும் முடியாது. முன்பணம் 15,000 என்று எவர் கேட்டாலும், அவர் உரிமம் இல்லாதவராக இருக்க வேண்டும், அல்லது உரிமத்தைப் பணயம் வைக்கிறவராக இருக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இன்னொன்றையும் சொன்னேன். பிள்ளை இங்கே ஆடுகிற ஒவ்வொரு பருவத்தையும் முறையாகப் பதிவு செய்து வையுங்கள். 12 வயது முதல் 23 வயது வரை ஓர் ஆட்டக்காரரை வளர்த்த கிளப்புகளுக்கு, பின்னாளில் அவர் நாடு விட்டு நாடு விலைக்குப் போகும்போது அந்தத் தொகையில் ஐந்து விழுக்காடு பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வரை ஆண்டுக்குக் கால் விழுக்காடு, 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரை விழுக்காடு. பையனை 12 வயதிலிருந்து 17 வயது வரை வளர்த்த பினாங்குக் கிளப் ஒன்று, அவர் ஒரு கோடி யூரோவுக்குப் போனால் இரண்டு லட்சம் யூரோ பெறும். நல்ல ஆட்டக்காரரை வளர்க்க உள்ளூர்க் கிளப்புக்கும் காரணம் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதனால் மாநில இளையோர் குழுத் தேர்வு, சுக்மா, விளையாட்டுப் பள்ளி, கம்பாங் அகாடமி இந்த வழிகளில் முதலில் தட்டிப் பாருங்கள். இவற்றில் எதுவும் நகையை அடகு வைக்கச் சொல்வதில்லை. கம்பாங்கில் நம் பிள்ளைகளை அதிகம் காணோமே என்று அவர் கேட்டார். அது தனியாக ஒரு நிகழ்ச்சியே செய்ய வேண்டிய விஷயம். செய்வோம்.

"சரி தம்பி, அந்த ஆளிடம் நான் என்ன சொல்லட்டும்?" என்றார் கடைசியாக. சண்டை வேண்டாம் அம்மா, மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள் என்றேன். அவருடைய ஃபிஃபா உரிம எண். எந்தக் கிளப், அங்கே யார் அழைக்கிறார் என்று கிளப்பின் தாளில் எழுதிய கடிதம். பிள்ளை 19ஆவது விதியில் எந்த விலக்கின் கீழ் பதிவாவார் என்பதற்கு எழுத்தில் ஒரு வரி. கடிதம் வந்தால் அதில் அச்சடித்திருக்கிற எண்ணைக் கூப்பிடாதீர்கள். கிளப்பின் சொந்த அகப்பக்கத்தில் உள்ள எண்ணைத் தேடியெடுத்துக் கூப்பிடுங்கள். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மாநிலக் காற்பந்துச் சங்கத்திலும் விசாரிக்கலாம். இதைப் படிக்கிற யாராவது ஏற்கெனவே வங்கி வழியாகப் பணம் அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மைய எண்ணை அழையுங்கள், போலீசில் புகார் செய்யுங்கள். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள்.